குவர்செட்டின் குளிசை: ஓட்டக்காரருக்கு உண்மையில் உதவுமா?

விசுவமடு ஓட்டம் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கிளிநொச்சி நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன், வீடு விசுவமடு. வேலைக்குப் போகுமுன் விடியப்புறம் ஓடுவது பழக்கம். 5000 மீற்றரும் 10 கிலோமீற்றர் வீதியோட்டமும்தான் என் போட்டிகள். ஞாயிறுகளில் இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் போய் நீண்ட ஓட்டம் ஓடுவேன். எங்கள் கழகத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேரும் என்னோடு சேர்ந்து ஓடுகிறார்கள். அவர்களில் ஒரு தங்கச்சி 1500 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனவள்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மச்சான் கனடாவிலிருந்து வந்தார். சொக்கிலேட், சேர்ட்டோடு இரண்டு பெரிய போத்தல் குளிசையும் கொண்டுவந்து தந்தார். குவர்செட்டின் 500 மில்லிகிராம், அதோடு புரோமெலைன் என்று இன்னொன்றும் சேர்த்திருக்கிறது. நாளைக்கு இரண்டு போடச் சொல்லி லேபலில் இருக்கிறது. "இதைப் போட்டால் மூச்சு வாங்காது, தடிமன் காய்ச்சல் கிட்டவும் வராது, அங்கே ஜிம்முக்குப் போகிற எல்லோரும் எடுக்கிறார்கள்" என்று மச்சான் சொல்லிவிட்டுப் போனார்.

நான் இன்னும் போத்தலை உடைக்கவில்லை. இது ஓட்டத்துக்கு உண்மையிலேயே உதவுமா? போட்டிக்குப் போகும்போது ஊக்கமருந்துப் பிரச்சினை வருமா? அப்பாவுக்குப் பிரசர் இருக்கிறது, பிரசருக்கும் நல்லதாம் என்று கேள்விப்பட்டு அவருக்கும் ஒன்று குடு என்கிறா அம்மா. அந்தத் தங்கச்சியின் தாயும் பிள்ளைக்குக் கொஞ்சம் தருவியா என்று கேட்டிருக்கிறா. மற்றவர்களுக்குக் கொடுக்கிற விஷயம் என்பதால் சும்மா ஊகத்தில் செய்ய மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருமன்காடு ஜிம் எழுதியது:

அண்ணை, நான் எடுத்துப் பார்த்தவன். வவுனியாவில் பாரம் தூக்குகிறேன், ஓட்டம் இல்லை. கால் பயிற்சி செய்த மறுநாள் படி இறங்க முடியாமல் ஒரு நோ வருமே, அது குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதே காலத்தில்தான் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினேன், நித்திரையும் நன்றாகக் கூடியது. எது வேலை செய்தது என்று சத்தியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. போத்தல் முடிந்த பிறகு திரும்ப வாங்கவில்லை, அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குகிறேன். உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்குக் கொடுப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது.

கிளிநொச்சி மருந்தாளர் எழுதியது:

தம்பி, குடுக்க முதல் கேட்டீர்கள், அதுவே பெரிய விஷயம். நான் இங்கே ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறவள். பள்ளிக்கூடக் காலத்தில் 800 மீற்றர் ஓடினவள் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆடி ஆவணியில், வெளிநாட்டுச் சனம் வந்து போகிற காலத்தில், சொப்பிங் பைக்குள் போத்தல்களைப் போட்டுக்கொண்டு வந்து "பிள்ளை, இது என்னத்துக்கு?" என்று கேட்கிற அம்மாமார் அதிகம். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பைகளுக்குள் குவர்செட்டின் அடிக்கடி இருக்கிறது.

குவர்செட்டின் என்பது செடிகளில் இருக்கும் ஃபிளவனாய்டு வகைப் பொருள். மஞ்சள் நிறம். வெங்காயம், முருங்கையிலை, அப்பிள் தோல், தேயிலை எல்லாவற்றிலும் இருக்கிறது. நாங்கள் பிறந்த நாள் முதல் சாப்பிட்டு வருகிற பொருள்தான். அளவுதான் வேறு. 100 கிராம் சிவப்பு வெங்காயத்தில் ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்கும். உங்கள் போத்தலில் ஒரு கப்சூலுக்கே 500. அதாவது ஒரு கிலோவுக்கு மேல் வெங்காயம் ஒரே விழுங்கில்.

ஆனால் விழுங்குவது எல்லாம் இரத்தத்துக்குள் போகிறதில்லை. ஒரு கப்சூலைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கிப் பாருங்கள். மஞ்சள் தூள் கொஞ்சம் மேலே மிதக்கும், கொஞ்சம் கிளாஸின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் அடியில் போய்ப் படியும், கரையவே கரையாது. குடலுக்குள்ளும் அதே சிக்கல்தான். வெங்காயத்தில் இது குளுக்கோசோடு பிணைந்து இருப்பதால் குடல் அதை லேசாக உள்ளே எடுக்கிறது. நெதர்லாந்தில் 1995இல் வந்த ஓர் ஆய்வில், வெங்காயத்திலிருந்து 52 சதவீதமும், தனியாகப் பிரித்தெடுத்த குவர்செட்டினிலிருந்து 24 சதவீதமும் உறிஞ்சப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். உள்ளே போனதையும் குடலும் ஈரலும் உடனே வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். சோதனைக் குழாயில் கலங்கள் மேல் தூய குவர்செட்டினை ஊற்றி, அது இதைச் செய்தது அதைச் செய்தது என்று எழுதுவதை நம்பி நாங்கள் குளிசை போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். இந்தப் பரபரப்பு எலிகளில் தொடங்கியது. 2009இல் அமெரிக்காவின் சவுத் கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளுக்கு ஏழு நாள் குவர்செட்டின் கொடுத்தார்கள். தசையிலும் மூளையிலும் மைட்டோகொண்ட்ரியா உற்பத்தியைக் காட்டும் குறிகள் கூடின, எலிகள் களைக்காமல் கூடுதல் நேரம் ஓடின. சக்தியை உண்டாக்குவது மைட்டோகொண்ட்ரியா என்பதால், பயிற்சி செய்யாமலே பயிற்சியின் பலன் என்று விளம்பரக்காரர் பிடித்துக்கொண்டார்கள். அதே குழு மனிதரிலும் செய்து பார்த்தது. 12 பேர், நாளைக்கு 500 மில்லிகிராம் இரண்டு தடவை, ஏழு நாள். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஒட்சிசன் 3.9 சதவீதமும், களைக்கும் வரை சைக்கிள் மிதித்த நேரம் 13.2 சதவீதமும் கூடியது. அந்த 12 பேரும் ஆரோக்கியமானவர்கள், ஆனால் பயிற்சி இல்லாதவர்கள். இதைக் கவனியுங்கள்.

இன்னொரு குழு அதே 1000 மில்லிகிராமை 30 இளைஞர்களில் சோதித்தது. அவர்களும் ஓட்டப் பயிற்சி இல்லாதவர்கள்தான். அங்கே ஒரு பலனும் காணவில்லை. 2011இல் 11 ஆய்வுகளை, 254 பேருடைய முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியாக 3 சதவீதம் அளவு நன்மை தெரிந்தது. அதை எழுதியவர்களே அந்த விளைவு அற்பத்துக்கும் சிறியதுக்கும் இடையில் என்று சொன்னார்கள்.

3 சதவீதம் என்றால் 17 நிமிடத்தில் 5000 ஓடுகிறவருக்கு 30 விநாடி. கேட்க ஆசையாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அது ஆய்வுகூடச் சைக்கிளையும் பல வகை மனிதரையும் கலந்து வந்த சராசரி. உங்களைப் போல் வருடக்கணக்காக விடியப்புறம் எழும்பி ஓடுகிறவரின் தசையில் மைட்டோகொண்ட்ரியாவை ஓட்டமே வளர்த்துவிட்டது. குளிசைக்கு அங்கே பெரிதாக வேலை மிச்சமில்லை என்பதுதான் என் எண்ணம்.

குருமன்காட்டுத் தம்பி சொன்ன தசை நோவிலும் இதே கதை. 1000 மில்லிகிராம் கொடுத்த ஓர் ஆய்வில் நோவும் பலமும் மாறவில்லை. இத்தாலியில் கொஞ்சப் பேரில் செய்த இன்னோர் ஆய்வில் பலம் இறங்குவது குறைந்தது. நித்திரை கூடியதால்தான் உங்களுக்கு நோ குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன் தம்பி, அந்த நித்திரையை விட்டுவிடாதீர்கள்.

தடிமனைப் பற்றி மச்சான் சொன்னதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது, பொய் என்று தள்ளமாட்டேன். 2007இல் 40 சைக்கிள் வீரர்களை மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு மூன்று மணித்தியாலம் கடுமையாக மிதிக்க வைத்தார்கள். பிறகு வந்த இரண்டு வாரத்தில் குவர்செட்டின் எடுத்த 20 பேரில் ஒருவருக்கு மட்டும் தடிமன், எடுக்காத 20 பேரில் 9 பேருக்குத் தடிமன். பெரிய வித்தியாசம். ஆனால் அதே ஆராய்ச்சிக் குழு 160 கிலோமீற்றர் ஓட்டக்காரரில் சோதித்தபோது தடிமன் குறையவே இல்லை. அப்புறம் 1002 சாதாரண ஆட்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாக வித்தியாசம் இல்லை, 40 வயதைத் தாண்டிய, உடல் தகுதி நன்றாக உள்ளவர்களில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஊக்கமருந்துப் பட்டியலில் குவர்செட்டின் இல்லை. பயம் அதில் இல்லை, போத்தலுக்குள் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதில்தான். பயிற்சிக்கு முன் குடிக்கும் தூள்களில் டிஎம்ஏஏ போன்ற தடைசெய்த ஊக்கிகள் அகப்பட்டிருக்கின்றன. சிறுநீரில் அது அகப்பட்டால், லேபலில் எழுதவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு வீரருடையதுதான். வெளியே சோதித்துச் சான்று கொடுக்கும் "இன்ஃபோம்ட் ஸ்போர்ட்" போன்ற அடையாளம் போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாகாணப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்க நான் உடன்படமாட்டேன்.

அப்பாவுக்கு என்ன என்ன மருந்து என்று முதலில் எழுதுங்கள். அது தெரியாமல் ஒன்றும் சொல்லமாட்டேன்.

விசுவமடு ஓட்டம் எழுதியது:

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. கப்சூலைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான், கலக்கக் கலக்க மஞ்சளாகச் சுற்றுகிறது, கரையவில்லை. போத்தலில் நீங்கள் சொன்ன மாதிரி அடையாளம் ஒன்றும் காணவில்லை.

அப்பாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன். பிரசருக்கு லொசார்ட்டன் 50, கொழுப்புக்கு அற்றோவஸ்ரட்டின் இரவில், இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின். வால்வு ஒப்பரேசன் செய்தவர். வார்ஃபரினுக்கு ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்து ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்த்துக் கொப்பியில் எழுதிவிடுவார்கள், அதைப் பார்த்து அளவை ஏற்றி இறக்குவார்கள்.

இணையத்தில் தேடியபோது பிரசருக்கு 730 மில்லிகிராம் என்று ஓர் ஆய்வு வந்தது. அது சரியா?

கிளிநொச்சி மருந்தாளர் எழுதியது:

தம்பி, அப்பாவுக்கு இந்தக் குளிசை வேண்டாம். ஒன்றும் வேண்டாம், பாதியும் வேண்டாம். அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அன்பில் கொடுத்துவிடுவா.

காரணம் வார்ஃபரின். வால்வு போட்டவருக்கு இரத்தம் கட்டியாகாமலும் இருக்க வேண்டும், அளவுக்கு மீறி இளகிவிடவும் கூடாது. அந்த இடைவெளி ஒடுக்கமானது. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் இருக்கும் ஒரு நொதி. குவர்செட்டின் அந்த நொதியைத் தடுக்கிறது என்பதைச் சோதனைக் குழாயில் காட்டியிருக்கிறார்கள். உடைவது குறைந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கும், ஐஎன்ஆர் ஏறும், மூக்கால் இரத்தம் வடியும், மூளையில் கசிந்தால் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் போத்தலில் புரோமெலைனும் சேர்ந்திருக்கிறது. அது அன்னாசியிலிருந்து எடுக்கும் நொதி, இரத்தம் உறைவதைக் குறைக்கும் தன்மை அதற்கும் உண்டு. இரண்டையும் வார்ஃபரின் மேல் போடுவது தேவையில்லாத ஆபத்து. உள்ளூர்க் கடைகளில் வாங்கும் மூலிகைத் தூள்களுக்கும் இதே விதிதான். கிளினிக்கில் சொல்லாமல் ஒன்றும் புதிதாகத் தொடங்க வேண்டாம். சாப்பாட்டில் வரும் வெங்காயத்துக்குப் பயப்பட வேண்டாம், அது வழக்கம்போல் இருக்கட்டும். கீரையும் வழக்கமான அளவில், ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லை என்று மாற்றாமல் சாப்பிடட்டும். கீரையில் உள்ள விற்றமின் கே கூடிக் குறைந்தாலும் ஐஎன்ஆர் ஆடும்.

730 மில்லிகிராம் ஆய்வு உண்மைதான். 2007இல் அமெரிக்காவில் செய்தது, 28 நாள். இரத்த அழுத்தம் தொடக்கக் கட்டத்தில் கூடியிருந்தவர்களில் மேல் எண் 7, கீழ் எண் 5 அளவு குறைந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் எண்ணில் 3 அளவில்தான் குறைவு நின்றது, அதுவும் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில். அப்பாவுக்கு லொசார்ட்டன் அதைவிட நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறது. கறியில் உப்பைக் குறைத்து, கருவாட்டையும் ஊறுகாயையும் கொஞ்சம் தள்ளி வைத்தாலே அந்த 3க்கு மேல் இறங்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கே வாசிக்கிற மற்றவர்களுக்காக. உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்குளோஸ்போரின், இதயத்துக்கு எடுக்கும் டிகொக்சின் இவற்றோடும் சேர்க்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கிறவர்களும் எடுக்க வேண்டாம். சாதாரண அளவில் ஆரோக்கியமான ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, தலையிடி, வயிற்றுப் புரட்டல் சிலருக்கு வரலாம். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை 12 வாரத்துக்குள் முடிந்தவை. அதற்கு மேல் மாதக்கணக்காக விழுங்குவதற்கு அந்த ஆய்வுகள் உத்தரவாதம் தரவில்லை.

முள்ளியவளை மாஸ்டர் எழுதியது:

தம்பிக்கும் பிள்ளைக்கும் வணக்கம். நான் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பிள்ளைகளை மாகாண மட்டத்துக்குக் கூட்டிப்போனவன். மருந்தைப் பற்றிப் பிள்ளை எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றியும் தண்ணியைப் பற்றியும் சொல்ல இருக்கிறது.

வெங்காயம் உரிக்கும்போது எங்கள் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். காய்ந்த தோலோடு சேர்த்து அதற்கடுத்த, ஊதா நிறம் ஏறிய சதைப் படையையும் இழுத்து எறிந்துவிடுவார்கள், அவசரத்தில். சின்ன வெங்காயமென்றால் பாதி வெங்காயம் அதிலேயே போய்விடும். குவர்செட்டின் கூடுதலாக இருப்பது அந்த வெளிப்படையில்தான். காய்ந்த தோலை மட்டும் நகத்தால் கீறி எடுங்கள். அவித்தால் பொருள் தண்ணிக்குள் இறங்கும், ஆகவே தண்ணியை ஊற்றாமல் சொதியாகவோ இரசமாகவோ குடித்துவிட்டால் நட்டமில்லை. பச்சை வெங்காயத்தைச் சம்பலில் சேர்த்து, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் எலுமிச்சம் புளியும் விட்டால் ஒரு கோப்பை சோறு தானாக இறங்கும். முருங்கையிலை வறை வன்னியில் காசு கொடுத்து வாங்க வேண்டாத சாப்பாடு, வேலிக்குப் போனால் கிடைக்கும். ஆனால் யாழ்ப்பாணத்து நீர்வேலி, கோப்பாய்ப் பக்கங்களில் போல் வெங்காயம் எங்களுக்கு விலை குறைந்து கிடைப்பதில்லை, அதுவும் தெரியும். கிடைக்கிற காலத்தில் சாப்பிட்டால் போதும்.

ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொன்னது மாச்சத்துத்தான். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மைதானத்துக்கு வந்து, இரண்டு சுற்றில் தலை சுற்றி விழுகிற பிள்ளைக்கு எந்தக் கப்சூலும் உதவாது. முதல்நாள் இரவு புட்டோ சோறோ வயிறு நிறைய, விடிய ஒரு வாழைப்பழம், ஓடி முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முட்டையோ பயறோ மீனோ. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்குகிற கச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள், 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட மலிவான புரதம் எங்கே இருக்கிறது? அந்தச் சிவப்புத் தோலைத் தேய்த்து ஊதித் தள்ளாமல் சேர்த்தே தின்னுங்கள்.

தண்ணி விஷயம் இன்னும் முக்கியம். சோளகக் காலத்தில் காற்று வியர்வையை உடனே காய்ச்சிவிடும், வியர்த்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓட முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வெளியே போயிருக்கிறது, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியாகக் கொடுங்கள். வட மத்திய மாகாணத்தில் 1990களில் வெளிச்சத்துக்கு வந்த காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் பிள்ளைகளின் சிறுநீரகத்தோடு விளையாட முடியாது. போட்டிக்கு முன் டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசையைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடுகிற பழக்கம் சில இளைஞர்களிடம் இருக்கிறது. அதைக் கண்டால் நான் கையிலிருந்தே பறித்துவிடுவேன். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும்போது அந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். பிள்ளை, குவர்செட்டினும் சிறுநீரகத்துக்குக் கூடாது என்று எங்கேயோ வாசித்தேன், அது உண்மையா?

கிளிநொச்சி மருந்தாளர் எழுதியது:

மாஸ்டர், வாயால் எடுக்கும் சாதாரண அளவில் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. 1990களில் இங்கிலாந்தில் புற்றுநோயாளருக்கு மிகப் பெரிய அளவில் நாளம் வழியாக ஏற்றியபோது சிறுநீரகப் பாதிப்புக் கண்டார்கள், நீங்கள் வாசித்தது அதுவாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர் டொக்டரிடம் கேட்காமல் 1000 மில்லிகிராம் எடுக்கக்கூடாது. டைக்ளோபெனாக் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே பிரதி எடுத்து எங்கள் கடைச் சுவரில் ஒட்ட ஆசை.

தம்பி, நீங்கள் எடுப்பதா இல்லையா என்பதில் என் எண்ணத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு 27, 30 வயது இருக்கும், வேறு மருந்து இல்லை, கிடைத்ததும் சும்மா. எடுத்தாலும் பெரிய தீமை வராது. ஆனால் மாவட்ட, மாகாணப் போட்டி உள்ள காலத்தில் சான்றில்லாத போத்தலைத் தொடாதீர்கள். ஓய்வுக் காலத்தில் எடுத்துப் பார்க்க விரும்பினால், தொடங்க முதல் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நேரம் பிடித்து ஓடிவிடுங்கள், பிறகு கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் அல்ல. வேறு எதையும் மாற்றாதீர்கள். நித்திரையையும் மாற்றிச் சப்பாத்தையும் மாற்றிக் குளிசையையும் தொடங்கினால் ஒன்றும் விளங்காது.

இன்னொரு யோசனையும் உண்டு, இது என் மனதில் கிடந்து உறுத்துவது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு விற்றமின் சி 1000 மில்லிகிராமும் விற்றமின் ஈ 400 அலகும் தினமும் கொடுத்தார்கள். பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடம்பு பதில் கொடுக்கும் தன்மை) முன்னேற்றம் விற்றமின் எடுக்காதவர்களுக்கு வந்தது, எடுத்தவர்களுக்கு வரவில்லை. ஓடும்போது தசையில் உண்டாகும் அந்த ஒட்சியேற்ற அழுத்தமே உடம்புக்கு "பலப்படு" என்று சொல்லும் செய்தி. அதை முழுக்க அடக்கினால் செய்தி போய்ச் சேராது. அந்த விற்றமின்களைப் போல் குவர்செட்டினும் அதை அடக்கும் ஒட்சியேற்ற எதிரிதான் (அன்டிஒக்சிடன்ட்). அதே விளைவு இதற்கும் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் கடும் பயிற்சி வாரங்களில் பெரிய அளவுகளை விழுங்க எனக்கு விருப்பமில்லை.

விசுவமடு ஓட்டம் எழுதியது:

அக்கா, மாஸ்டர், இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அப்பாவுக்குக் கொடுப்பதில்லை. நான் மாகாணப் போட்டி முடியும் வரை எடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

தங்கச்சியின் விஷயம்தான் மிச்சம். அவளுக்கு 16 வயது. இந்த வருடம் கடைசி 300 மீற்றரில் கால் இழுக்கிறது என்கிறாள், முன்னர் அப்படி இல்லை. முகமும் வெளிறித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்களாம், காலையில் தேத்தண்ணியோடு போடுகிறாள். குவர்செட்டின் கொடுக்காவிட்டால் வேறு என்ன செய்யலாம்? அவளுடைய தாய்க்கு என்ன சொல்ல?

கிளிநொச்சி மருந்தாளர் எழுதியது:

தம்பி, இதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், இந்தப் பிள்ளையின் கேள்வி எல்லாவற்றையும் விடப் பெரியது.

தேத்தண்ணியோடு இரும்புச்சத்துக் குளிசை போட்டால் அதில் பெரும் பகுதி வீண். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் குடலுக்குள்ளேயே இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். குவர்செட்டினும் அந்தப் பொலிபீனோல் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், இரும்பைப் பிடிக்கும் இயல்பு அதற்கும் உண்டு. இரும்பு குறைந்திருக்கக்கூடிய ஒரு பெண்பிள்ளைக்கு, நாளைக்கு 1000 மில்லிகிராம் கொடுப்பது நேர் எதிரான வேலை. தாயிடம் இப்படியே சொல்லுங்கள்.

குளிசையைத் தண்ணியோடு போடட்டும், கூடவே ஒரு நெல்லிக்காயோ தேசிக்காய்ச் சாறோ எடுத்தால் உறிஞ்சல் கூடும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கட்டும். பாலும் கல்சியக் குளிசையும் அதே நேரத்தில் வேண்டாம். மலம் கறுக்கும், அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வயிறு பிரட்டினால் சாப்பாட்டோடு போடலாம், நிறுத்துவதை விட அது நல்லது. மீன், ஈரல், முட்டை கிடைக்கும் நாளில் பிள்ளையின் தட்டில் அவளுக்குரிய பங்கு விழ வேண்டும். பல வீடுகளில் ஆண்பிள்ளைக்குத்தான் நடுத்துண்டு போகிறது. ஓடுகிற பெண்பிள்ளை மாதாமாதம் இரத்தமும் இழக்கிறாள், அவளுக்குத் தேவை கூட.

கடைசி 300 மீற்றரில் கால் இழுப்பதும் முகம் வெளிறுவதும் ஹீமோகுளோபின் குறைந்த அடையாளமாக இருக்கலாம். ஒட்சிசனைத் தசைக்குத் தூக்கிப் போவது அதுதான். அது குறைந்திருந்தால் அதைச் சரிசெய்தாலே அவளுக்குப் பெரிய முன்னேற்றம் வரும். அரச வைத்தியசாலையில் முழு இரத்தப் பரிசோதனை காசில்லாமல் செய்யலாம். முடிந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இறங்கியிருக்கிற பிள்ளைகள் உண்டு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நிறையப் போகிறதா என்பதைத் தாய் கேட்டு டொக்டரிடம் சொல்ல வேண்டும். அது நீங்கள் கேட்கிற கேள்வி இல்லை. குடற்பூச்சிக் குளிசை கடைசியாக எப்போது போட்டாள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரும் வரை இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சிகளைக் குறைத்து மெதுவாக ஓட விடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே போட வேண்டாம், பிள்ளையின் விஷயம் எல்லோரும் பார்க்கக் கூடாது. தாயும் பிள்ளையும் தாளோடு டொக்டரிடம் போகட்டும். குளிசை எந்த நேரம், எதோடு, எவ்வளவு நாள் என்ற சந்தேகம் இருந்தால் கடைக்கு வரட்டும், மாலை 4 மணிக்குப் பிறகு சனம் குறைவு, ஆறுதலாக இருந்து சொல்லிக்கொடுப்பேன்.